சைக்கிள் போனால் ஆளும் போன கணக்கா?

8-8-93, ஞாயிறு

பாங்க் பரீட்சைக்கு இன்னும் பதினோரு வாரம். ரீசனிங் கைடில் ‘மறைந்திருக்கும் அனுமானம்’ பாடத்தை ஆரம்பித்தேன். ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமல் எதை நம்பிக்கொண்டு பேசுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். “மழை வருது, குடையை எடுத்துட்டுப் போ” என்றால் வீட்டில் குடை இருக்கிறது என்று நம்புகிறார். எங்கள் வீட்டில் கிடையாது. இருபது கேள்வியில் பதினேழு சரி. எனக்கா தெரியாது? ஊரிலிருக்கும் என் மாமியார் பேச்சில் பாதி இப்படித்தானே!

வீட்டுக்காரர் இன்றைக்கும் முன்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டார். மூன்று வாரமாக இதே கதை. தட்டையும் டம்ளரையும் தானே கழுவித் தனியாகக் கவிழ்க்கிறார். பாப்பா மடியில் ஏறினால் “அம்மாட்ட போ” என்று இறக்கிவிடுகிறார். பெண்டாட்டி படிப்பது பிடிக்கவில்லை, வேறென்ன? மில்லில் எவனாவது கிண்டல் செய்திருப்பான்.

11-8-93

கேட்டேவிட்டேன். “நீ படி” என்றார். அம்புட்டுதான். அதற்கு மேல் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

16-8-93, திங்கள்

மில்லில் அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். துவைக்க எடுத்தபோது பார்த்தேன். ‘12ஆம் தேதி காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை உமது சைக்கிள் ஸ்டாண்டில் இல்லை. ஆகவே நீர் அனுமதியின்றி வேலையை விட்டு வெளியேறினீர்.’ இரண்டு வாரத்தில் பதில் எழுத வேண்டும். வேலையே போகலாமாம்.

பத்து வருஷ வேலை. பஞ்சை உதறிப் பிரிக்கும் புளோரூமில் தூசிக்குள் நின்று பார்த்த வேலை.

17-8-93

காலையிலிருந்து அந்த மெமோவைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஆகவே’ என்ற இடத்தில் பிடித்துவிட்டேன்! சைக்கிள் போனால் சொந்தக்காரனும் போனான் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். புளோரூமில் இவர் சைக்கிளை இரவல் வாங்காத ஆள் உண்டா? சைக்கிள் போனதற்குத்தான் சாட்சி இருக்கிறது, ஆள் போனதற்கு இல்லை. இரண்டு பக்கம் பதில் எழுதினேன். வக்கீல்கூட இப்படி எழுத மாட்டான்.

அவர் வந்ததும் நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா சைக்கிள்ல போனது நான்தான்.”

எங்கே என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வாதத்தில் ஓட்டை இருந்தாலும் முடிவு உண்மையாக இருக்கலாம் என்று அந்தப் பாடத்தின் கடைசியில் போட்டிருக்கிறது. அதை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

18-8-93

சொல்லிவிட்டார். பாப்பா தூங்கிய பிறகு, கதவுப் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஜூலையிலிருந்து சளியில் ரத்தம். டி.பி.யாம்.

“ஒனக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்கிடுமோன்னுதான் தள்ளிப் படுத்தேன்” என்றார்.

தட்டு, படுக்கை, பாப்பாவை இறக்கிவிட்டது — எல்லாம் இதுக்குத்தானா? நான் என்னவெல்லாம் நினைச்சேன்! இருபதுக்குப் பதினேழு வாங்கின மூளை! ஒரே வீட்டுக்குள்ள மனுசன் ரத்தமாத் துப்பியிருக்கார், நான் கைடைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அழுதேன். அவர் பக்கத்தில் வரப் பயந்து, அங்கிருந்தே “அழாத, கனி” என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

19-8-93

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கும்போது அங்கே ஏன் போகவில்லை?

“அங்க போனா சீட்டு மில்லுக்குப் போயிரும். டி.பி.ன்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிப்பாட்டிருவான்ல.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.”

எல்லாருக்கும் தெரிஞ்சது! கைடில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் பென்சிலால் வட்டம் போட்டிருப்பேன். யூனியன் சங்கையா அண்ணனைப் போய்ப் பார்ப்போம் என்றேன். வேண்டாம், நீ எழுதிய பதிலையே கொடுத்துவிடுவோம், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். இல்லைதான். ஆனால் அதைக் கொடுத்தால் வேலை நிலைக்கும்; திரும்ப அதே தூசிக்குள் போய் இருமிக்கொண்டு நிற்பார். கிழித்துப் போட்டேன்.

20-8-93

சங்கையா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “ஏலே சோலைராஜ், கிறுக்குப் பயலே! ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் குடுத்த லீவுல இருக்கிறவனை எவனும் வேலையை விட்டுத் தூக்க முடியாதுலே. சட்டம் அது. வா, இப்பவே போவோம்.”

போனார்கள். டாக்டர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

27-8-93

மெமோவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டோம். எனக்கும் பாப்பாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

6-9-93

எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். ஆண்டாளுக்கு ஒரு மாலை சாத்த வேண்டும்.

24-10-93

பரீட்சை எழுதினேன். பாதிக்கு மேல் தெரியவில்லை.

27-2-94, ஞாயிறு

ஆறு மாத மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம். புளோரூம் இல்லை, கோடவுனில். பாங்க் ரிசல்ட்டும் வந்துவிட்டது. என் நம்பர் இல்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்டார். “ஏட்டி, ஒண்ணு கேக்கேன், பொய் சொல்லாத. நான் போயிட்டாப் பொழைக்கணுமேன்னுதான இந்தப் படிப்புப் படிச்ச?”

ஆறு மாதமாக இதை மனசில் வைத்துக்கொண்டா மாத்திரை விழுங்கினார்? நான் அப்ளிகேஷன் போட்டது மே மாதம், உங்களுக்கு ரத்தம் வந்தது ஜூலையில் என்று வாதாடத்தான் முதலில் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு? வேலை கெடச்சா நான் காலையில பஸ் ஏறணும். பொறவு பாப்பாவுக்குச் சோறூட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துல விடுறது யாரு? நீங்க இருக்கீகன்னு நம்பித்தான படிச்சதே!”

“எனக்குச் சடை பின்னத் தெரியாதே” என்றார் அவர்.

“அடுத்த பரீட்சைக்குள்ள பழகிக்கிடுங்க” என்றேன்.

சாயங்காலம் சீப்பை எடுத்துக்கொண்டு பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். ஒரு சடை மேலே, ஒன்று கீழே. அவிழ்த்துப் பின்ன எனக்கு மனசு வரவில்லை. அப்படியே தூங்குகிறாள்.