தளர்ந்திருந்த திருகு

நவ. 3, ஞாயிறு. விடியலிலிருந்து மழை.

தூண்டில் ரீல் தானாகச் சுற்றுகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. திருகு தளர்ந்திருந்தது என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இந்தத் தீவு ஊர் ஜங்லிகாட் முழுக்க. பூசை முடிந்து வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால்:

"செத்துப்போன சாப் வந்து ரீலை சுத்துறாராம். அந்தம்மாவே சொல்லுச்சாம்."

"அரே, மெதுவா. அதுக்குப் பாம்புக் காது."

காது நன்றாகத்தான் இருக்கிறது. "அதுக்கு" இல்லை, "அவங்களுக்கு".

நேற்று கல்லறைத் திருநாள். எல்லாருக்கும் மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை. உடல் கிடைக்காத என் கணவருக்கு எங்கே ஏற்றுவது? வீட்டில், அவருடைய தூண்டில் ராடு சாய்ந்திருக்கும் மூலையில் ஏற்றினேன். அதைச் சன்னல் வழியாக யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அரிசி வந்தது. கல் அதிகம்.

நவ. 4, திங்கள். மழை விட்டது. மூட்டம்.

ராடும் ரீலும் துடைத்தேன். அவர் விதிகள், மறக்காதிருக்க:

— ராடின் வளையங்களுக்குள் பஞ்சைச் சுற்றி இழுக்க. பஞ்சு சிக்கினால் அங்கே கீறல். கீறல் தூண்டில் நரம்பை அறுக்கும். (நுனி வளையத்தில் ஒன்று இருக்கிறது. மாற்ற வேண்டும்.)

— ரீலுக்கு நல்ல தண்ணீரில் நனைத்த துணி. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் ஒருபோதும் கூடாது.

— நட்சத்திரத் திருகு (நரம்பு ஓடாமல் பிடிப்பது): மீன் பிடிக்கும்போது இறுக்க. முடிந்ததும் முழுக்கத் தளர்த்த. இறுக்கியே வைத்தால் உள்ளே தோல் வாஷர் நசுங்கிப் போகும்.

கடைசி விதியை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. செருப்பைக் கழற்ற மறந்து சமையலறைக்குள் வருவார். இதை மறக்கமாட்டார்.

அவருக்கு டோங்கி என்ற சிறுபடகு தள்ளிய சூசை சொன்னது: கழிமுகத்தில் பெரிய கொடுவா மீன் மாட்டியது. ஐயா எழுந்து நின்றார். மீன் இழுத்தது, டோங்கி சாய்ந்தது, விழுந்தார். ராடு மட்டும் டோங்கிக்குள்.

அதை அன்றே என் கையில் கொடுத்தான். திருகு முழுக்கத் தளர்ந்திருந்தது. ரீலில் உப்பு இல்லை. குடிதண்ணீரில் கழுவித் துடைத்த ரீல்.

அப்படியானால் மீன்பிடித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு?

நவ. 5, செவ்வாய். புழுக்கம்.

அடுத்த வீட்டு ரோசம்மா கீரை கொண்டுவந்தாள். கீரைக்குப் பின்னால் பேச்சு.

"முதலையாத்தான் இருக்கும்க்கா. ஒங்ககிட்ட எவன் வந்து சொல்லுவான்? மீனு இழுத்துச்சுன்னா கேக்க மரியாதையா இருக்குல்ல."

"முதலை என்றால் முதலை என்று சொல்லட்டுமே. நான் என்ன மயங்கியா விழப்போகிறேன்?"

"அதுவும் இல்லன்னா..."

முடிக்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் முடிக்கிறேன்: தானாகத் தண்ணீரில் இறங்கினார். ஓய்வு பெற்றபின் அவருக்குப் பேச்சு குறைந்திருந்தது உண்மை. விபத்து என்ற சூசையின் சொல்லை நம்பித்தான் ஃபாதர் இறந்தோர் பூசை வைத்தார். நானும் அதை நம்பித்தான் முழந்தாளிட்டேன்.

கீரை முற்றல்.

நவ. 6, புதன். வெயில், காற்று.

ராடை எடுத்துக்கொண்டு படகுத்துறை ஜெட்டிக்குப் போனேன். கழிமுகத்துக்கு நாணல் போல வளையும் ராடு ஆகாது, அலையாத்தி வேருக்குள் ஓடும் கொடுவாவைத் திருப்ப முதுகெலும்பு உள்ள ராடு வேண்டும் என்பார். இது அப்படிப்பட்டது. என் மணிக்கட்டுக்குக் கனம்தான். இரைக்கு உயிர் மடவை மீன் கோத்துப் போட்டேன். சுமைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"மேம்சாப் மீன் பிடிக்கவா, சாப்பைப் பிடிக்கவா?"

"உன் வேலையைப் பிடி" என்றேன். சிரிப்பு.

கொடுவாதான் கவ்வியது. முதலில் திருகு தளர்ந்தபடி. நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது, ராடு வளையக்கூட இல்லை. அந்த இழுப்பு ஒரு கைக்குட்டையைக்கூட இழுக்காது. பிறகு இறுக்கினேன். ராடு வில்லாயிற்று. கால் நகர்ந்தது. ஒரு தெலுங்குக்காரர் முழங்கையைப் பிடித்தார். "சோடோ மாஜி, சோடோ!" விடவில்லை. நுனி வளையத்தில் நரம்பு அறுந்தது. அந்தக் கீறல்.

ஆக, தளர்ந்த திருகோடு எந்த மீனும் ஆளை இழுக்காது. சூசை சொன்னது பொய்.

நவ. 7, வியாழன். மழை.

காலையில் ரீலைப் பார்த்தேன். திருகு தளர்ந்திருந்தது.

நேற்று இறுக்கியது நான். தளர்த்திய நினைவு இல்லை. ஜெட்டியிலிருந்து நேரே வந்தேன், மூலையில் வைத்தேன், படுத்தேன். கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. ரீலில் உப்பு இல்லை. துடைத்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பெயரைச் சொன்னேன், ஒரு முறை, உரக்க. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லாத பெயர்.

பிறகு ஆணியில் துணியைப் பார்த்தேன். ஈரம். நான்காக மடித்துத் தொங்குகிறது. அவர் கசக்கித்தான் எறிவார். நான்காக மடிப்பது கான்வென்ட் பழக்கம், என் பழக்கம்.

ஆகவே என் கைதான். எனக்குத் தெரியாமல் என் கை. ஏமாற்றமாக இருந்தது. இதை யாருக்கும் சொல்வதற்கில்லை.

மாலையில் தோன்றியது: என் கை செய்யும் என்றால் சூசையின் கையும் செய்யும். இத்தனை வருடம் "தளர்த்துடா, தளர்த்துடா" என்று கேட்ட கை. ஐயாவைத் தேடித் தேடிக் கிடைக்காமல், அழுதுகொண்டே ரீலைக் கழுவியிருக்கலாம். அப்படியானால் அவன் சொன்னது மெய். மீன்தான்.

அல்லது அவர் கை, அதே பழக்கத்தில், கடைசியாக. அப்படியானால் மீன் இல்லை.

நவ. 8, வெள்ளி. வெளிறிய வானம்.

வடக்குத் தீவு லாங் ஐலண்டுக்கு நாளை கப்பல். சூசை அங்கே மரவேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். 'ழ'வுக்கு இன்னும் 'ல' போடுவான், பரவாயில்லை. எழுதியதன் நகல்:

சூசைக்கு. ரீல் என் கைக்கு வந்தபோது திருகு தளர்ந்திருந்தது. தளர்த்தியது நீயா, ஐயாவா? நீ என்றால் "நான்" என்று ஒரு சொல் போதும். ஐயா என்றால் அதன்பின் நடந்ததை உள்ளபடி எழுது. எனக்காக எதையும் குறைக்காதே. யாரிடமும் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். உன் கையெழுத்தில் பதில் எழுது.