பேர் சொல்லாத வேர்

பிப்ரவரி 6, 2023

அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரோடு மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவருக்குக் குமட்டல். "பஸ்ஸு ஆகலை புள்ள" என்கிறார். மாரமங்கலத்தில் பிறந்து, காபி மூட்டையோடு இதே பஸ்ஸில் ஏறி இறங்கி வளர்ந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் பஸ் ஆகாமல் போயிற்றாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்.

டாக்டர் மாதேஸ்வரன் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். ஈரலில் கொழுப்பு படிந்து, அது தழும்பாகி, தழும்பு இறுகிப் பாதி ஈரல் கல்லு மாதிரி ஆகிவிட்டதாம். குடிக்காதவர்களுக்கும் இது இப்போது நிறைய வருகிறதாம். "அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார், எங்க ஊர் மளிகைக் கடையில ஒட்டோணும்" என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சாராயத்தை வாயில் வைக்காத ஆளை ஊரே ஒரு மாதிரி பார்க்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தழும்பைக் குறைக்கிற புது மாத்திரை ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறதாம். சேர்ந்தால் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டப்பாவில் நம்பர் மட்டும்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பண்ணுவீங்களாங்க?" என்று கேட்டார் இவர்.

"அப்படிப் பண்ணாத்தானுங்க, மாத்திரை வேலை செய்யுதா, நம்ம ஆசை வேலை செய்யுதான்னு தெரியும்."

கடைசியாக, "நாட்டு மருந்து ஏதாச்சும் எடுக்கறீங்களா? எடுத்தா சொல்லிரோணும்" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் இவர். கையெழுத்துப் போட்டோம்.

பிப்ரவரி 20

சர்க்கரை போடாத காபி ஈரலுக்கு நல்லது என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். போன தடவை டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்கு ஒரே சிரிப்பு. "பரம்பரையா மூட்டை மூட்டையா வித்துப்புட்டு, நாம சுக்குத் தண்ணி குடிச்சோம் பாரு." சாயங்காலம் கடுங்காபி போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

மார்ச் 13

ஆஸ்பத்திரியில் கமலாக்கா பழக்கமானார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கும் இதே வியாதி, இதே ஆராய்ச்சி, வேறு நம்பர். காத்திருக்கும் நேரமெல்லாம் பேச்சுத்தான். "உன்ற ஊட்டுக்காரருக்கு வெறும் மாத்திரையா இருந்தா எனக்கு நெசம், எனக்கு வெறும்னா அவருக்கு நெசம், எப்படியும் ஒருத்தரு பொழைச்சுக்குவோம்" என்கிறார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 2

இன்று ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19

காலையில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினார். கண் ரெண்டும் மஞ்சள்.

ஓடினோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரின் முகம் மாறிப்போயிற்று. ஈரல் திடீரென்று வெந்து போனது மாதிரி இருக்கிறதாம். மறுபடியும் அதே கேள்வி — நாட்டு மருந்து? மறுபடியும் அதே "இல்லைங்க". மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இவருக்கு மட்டுமில்லை, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த எல்லோருக்கும். மாத்திரைதான் கெடுத்ததா என்று தெரிகிற வரைக்கும் யாருக்கும் கிடையாதாம்.

வீடு வந்து சேர்வதற்குள் கமலாக்கா போன் பண்ணிவிட்டார். "எனக்கு இப்பத்தான் கால் வீக்கம் வடிஞ்சுது செல்வி. நிறுத்திப்போட்டாங்களே." எங்களால்தான் என்று எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 21

விடிகாலையில் "மிளகுக் கொடியைப் பார்த்துட்டு வர்றேன்" என்று போகிறவர் ரொம்ப நாளாகவே மேல்தெரு வழியாகத்தான் போகிறார். கொடி இருப்பது கீழே. எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. பின்னாலேயே போனேன்.

நாத்தனார் சின்னத்தாயி அண்ணி வீட்டுக் கொல்லை. இவர் கொட்டாங்குச்சியில் எதையோ குடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணி பக்கத்தில் அம்மிக்கல்லைக் கழுவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்தும் இவர் நிறுத்தவில்லை. முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் துடைத்தார்.

"என்னங்க இது?"

"கேக்காத" என்றார் அண்ணி.

ஏப்ரல் 22

இப்போது முழுசும் தெரிந்துவிட்டது. மஞ்சக்காமாலைக்கு, ஈரல் கோளாறுக்கு அண்ணி கொடுக்கிற வேர்; ஆராய்ச்சியில் சேருமுன்னிருந்தே குடிக்கிறாராம். என் மாமியார் வழியில் வந்த மருந்து. விடியுமுன் யாரோடும் பேசாமல் தோண்டணும், வெறும் வயிற்றில் குடிக்கணும். குடிக்கிறவனும் கொடுக்கிறவளும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, கட்டிய பெண்டாட்டிக்குக்கூட. பேரைச் சொன்னால் பலிக்காது. அதனால்தான் இவர் டாக்டரிடம் இல்லை என்றார். பொய் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை. மருந்தைக் காப்பாற்றினாராம்.

அண்ணியோடு சண்டை போட்டேன். "ஆராய்ச்சி மாத்திரை திங்கிற ஆளுக்கு இதையும் குடுத்தா எது என்ன பண்ணுதுன்னு எப்படிங்க தெரியும்?"

"உன்ற டாக்டரு மட்டும் பேரைச் சொல்லியா குடுக்கறாரு? நம்பரு போட்டுத்தான குடுக்கறாரு. அதை நம்பற, என்னை நம்ப மாட்டயா? அவன் எனக்குத் தம்பி செல்வி. நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ள. கெடுதல் பண்ணுவனா?"

பண்ண மாட்டார். அது எனக்குத் தெரியாதா? அதுதான் கொடுமையே.

ஏப்ரல் 24

டாக்டரிடம் சொல்லக் கூடாது என்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். சொன்னால் வேர் பலிக்காது, ஆராய்ச்சியிலிருந்தும் தள்ளிவிடுவார்கள், ரெண்டும் போய்விடும் என்கிறார். சொல்லாவிட்டால்? அந்தத் தண்ணீர்தான் ஈரலை வேகவைத்திருந்தால்? கமலாக்காவும் இன்னும் எத்தனையோ பேரும் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அது யார் பாவம்? அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதுகூட இதே நினைப்பு. ஒருத்தன் தட்டில் மூன்று முறை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26

சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொரோனா காலத்துக்கு அப்புறம் இப்படிக் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி நிறையக் கட்டுரை வந்திருக்கிறதாம். "ஆனா எந்தச் செடின்னு தெரியோணுமுங்க. வேரா மாத்திரையான்னு மேலே இருக்கறவங்க கேப்பாங்க. பேரு வேணும், இல்லாட்டி ஒரு துண்டு வேர் வேணும். அப்பத்தான் மத்தவங்களுக்குத் திரும்ப மாத்திரை தர முடியும்." இவருக்கும் வேர் தெரியாது. அரைத்த பிறகுதான் கண்ணில் காட்டியிருக்கிறார் அண்ணி.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். மலை ஏறி வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

மே 3

இன்னும் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், டாக்டர் தந்த வேறு மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். பிள்ளை இல்லாத ஊட்டில் பேச இருந்தது அவர் ஒருத்தர்தான்.

அண்ணி வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். நான், யார் காலிலும் விழாதவள். "பேரை மட்டும் சொல்லுங்கண்ணி."

"நீ வெளிய சொன்னதுலயே பாதி போச்சு. பேரையும் சொன்னா அவன் உசுரு நிக்காது கண்ணு. என்னைக் கேக்காத." கண்ணு என்றுதான் சொன்னார். அடித்துத் துரத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

மே 21

சேர்வராயன் கோயில் திருவிழா. ஊரே மேலே போயிருக்கிறது. சாமி பேரையே வைத்துக்கொண்டிருக்கிறவர் இந்த வருஷம் படி ஏறவில்லை. வயிறு பானையாக வீங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி குடு" என்றார். பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் தண்ணீரைப் பாதி கீழே சிந்திவிட்டேன்.

ஜூன் 10

ஆஸ்பத்திரி வார்டு. வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். மறுபடி சேர்கிறது. வேறு ஈரல் வைக்கலாம் என்றார்கள், என் ரத்த குரூப் சேரவில்லை. அண்ணி ஓடி வந்து "என்னோடதை எடுத்துக்கங்க சாமி" என்று நர்ஸிடம் வயிற்றைக் காட்டினார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றார்கள்.

சாயங்காலம் இவருக்கு நினைவு தெளிந்திருந்தது. "அக்காவைக் கோவிச்சுக்காத" என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்லாம இருந்திருக்கலாம் செல்வி."

தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஜூன் 17

போயிட்டாருங்க. யாருகிட்டச் சொல்றேன் நான்.

ஜூலை 5

காரியத்துக்கு வந்தவர்கள் நான் காபி ஊற்றும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். நகர்ந்ததும் தொடங்குகிறார்கள். பொண்டாட்டி வாயைத் திறந்ததால் மருந்து பலிக்கவில்லையாம். முன்னே குடிகாரன் என்றவர்களும் இவர்களேதான். இப்போது அவர் உத்தமர், நான் கொலைகாரி.

அண்ணி கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். இவரை எடுத்த நாளிலும் அண்ணி அழவில்லை, இன்றும் அழவில்லை. எனக்கு அது ஆத்திரமாக இருந்தது. தூக்கி வளர்த்த புள்ள என்றாரே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரக் கூடாதா?

ஜூலை 24

டாக்டர் போன் செய்தார். வேர்தான் என்று தன்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம், ஈரல் முன்பே மோசமாக இருந்ததாம். பேர் கிடைக்காததால் மாத்திரை இன்னும் நின்றே கிடக்கிறது. "அவருக்குப் போனது நெச மாத்திரைங்களா?" என்று கேட்டேன். கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, எந்த நம்பர் எது என்று தெரிந்தால் சொல்கிறேன் என்றார். வைத்த பிறகு தோன்றியது, தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்.

கமலாக்காவைப் பார்க்கப் போனேன். கடை சாத்தியிருக்கிறது. கால் மறுபடி வீங்கிவிட்டது. "உன்ற நாத்தனார்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார். கேட்க என்னிடம் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

மழை விட்டிருந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணி வந்தார். காரியத்துக்குப் பிறகு இந்தப் படி ஏறியது இதுவே முதல் தடவை. மடியிலிருந்து மண்ணோடு ஒரு செடியை எடுத்து வாசலில் வைத்தார். பட்டப்பகலில், தெருவில் ஆள் போய் வந்துகொண்டிருக்கும்போது.

பார்த்ததும் தெரிந்தது. காபிச் செடிக்கு அடியில் களை என்று நானே பிடுங்கிப் போடுகிற சாதாரணச் செடி.

"உள்ள வாங்கண்ணி, யாராச்சும் பாப்பாங்க" என்றேன். என் வாயிலிருந்து இப்படி வந்தது எனக்கே வியப்பு.

"பாக்கட்டும்" என்றார். "அந்த இட்லிக்காரம்மா என்னைத் தேடி ஊட்டுக்கு வந்துச்சு. நடக்க முடியாம நடந்து வந்துச்சு. ஒண்ணும் கேக்கலை, சும்மா உக்காந்துட்டுப் போச்சு." செடியை என் பக்கம் நகர்த்தி, "இனி நான் யாருக்காக மறைக்கோணும் செல்வி?"

பிறகு செடியின் பேரைச் சொன்னார். சத்தமாக, மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. இங்கே அதை எழுதவில்லை, டாக்டரிடம் அது அண்ணி வாயாலேயே போகட்டும். சொல்லி முடித்ததும் படியில் அப்படியே உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தார். அவர் போய்விட்டார் என்பதை அதுவரை அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செடியை ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அண்ணி இன்று இங்கேதான் படுத்திருக்கிறார். காலை பஸ்ஸில் ரெண்டு பேரும் இறங்குகிறோம்.