ஜீப் கிளம்பும் முன் பெற்றோர் கூட்டம்

1.4.2008, செவ்வாய்

இலை அசையவில்லை. காலையிலேயே புழுக்கம். இன்று என் கடைசிப் பெற்றோர் கூட்டம். மே மாதத்தோடு பணி ஓய்வு.

விடிகாலை ஐந்தேகாலுக்கு ஜீப் நிற்கும் இடம். பதினான்கு தாய்மார். தூக்குச்சட்டி, தலைத்துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள்.

பேசியவை:
– செல்வி மகன்: ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை.
– ராணி மகள்: கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண் முகாமுக்கு நானே கூட்டிப் போவது.
– பரீட்சை வாரம் எந்தப் பிள்ளையையும் வீட்டில் நிறுத்தக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். இருவரைத் தவிர. அந்த வீடுகளுக்கு நேரில் போக வேண்டும்.

டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். "டீச்சர், சுருக்கா ஒரு செபம் பண்ணி விடுங்க, மலைப்பாதை" என்றாள் செல்வி. அவள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை. இரண்டே வரி செபித்தேன். ஜீப் போய்விட்டது. புகை அடங்கும்வரை நின்றிருந்தேன். ஓய்வு பெறுவதைச் சொல்லவே இல்லை.

2.4.2008, புதன்

தலைமை ஆசிரியை கிரேஸ் அம்மா கூப்பிட்டார். மதுரையிலிருந்து போன வருடம் வந்தவர். கண்டிப்பு. ஆனால் நல்லவர்.

"ரோட்டுல நின்னுக்கிட்டுப் பெற்றோர் கூட்டம் நடத்துறது நம்ம ஸ்கூலுக்கு அழகா டீச்சர்? ஜூன்லேர்ந்து மூணு மணிக்கு இங்கேயே வச்சுக்கலாம். நோட்டீஸ் அனுப்பினா வருவாங்க."

"வர மாட்டாக அம்மா" என்றேன். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். "பிள்ளைகள நெனச்சு வருத்தப்படுறியா, இல்ல நீ இல்லாமயும் நடந்துரும்னு வருத்தப்படுறியா?" என்று கேட்டார். ரசம் ஊற்றினேன்.

5.4.2008, சனி

வகுப்பறை பீரோவைக் காலி செய்தேன். சாக்பீஸ் தூள், எலிப் புழுக்கை, எப்போதோ செய்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அடியில் 1997 வருகைப் பதிவேடு. நான்காம் வகுப்பு.

பிரித்ததும் அந்தப் பக்கமே வந்தது. முத்துமாரி. மூன்று வாரம் வரவில்லை. பிள்ளைகளிடம் நான்கு கடிதம் கொடுத்துவிட்டேன், மூன்று மணிப் பெற்றோர் கூட்டத்துக்கும் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. சிவப்பு மையில் பெயரை அடித்தேன். அக்கறையில்லாத வீடு என்று முடிவு கட்டினேன். அடித்த கை என்னுடையது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். கோயில் வாசலில் அவள் அம்மா பாப்பாத்தி. இடுப்பில் கைக்குழந்தை.

"எம்மவ பேர அடிச்சுட்டீகளாமே. மூணு மணிக்குக் கூட்டம் வச்சா மலையில இருந்து நான் பறந்தா வருவேன்? கடுதாசி விட்டீகளாம், அத வாசிக்க எனக்கு எழுத்துத் தெரியுமா? ஒரு நா எங்க வீட்டுப் பக்கம் வந்து என்ன ஏதுன்னு கேட்டீகளா?"

சபையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தம்பியைப் பார்த்துக்கொள்ள முத்துமாரி நின்றுவிட்டாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் நானே ஜீப்புக்குப் போனேன். பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துமாரி திரும்பி வர என்ன செய்யலாம் என்று பொதுவாகக் கேட்டேன். மகனை வழியனுப்ப வந்திருந்த ஜரீனா பீவி, வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவர், "அந்தக் கைப்பிள்ளைய எங்கிட்ட விடு ஆத்தா. நான் வீட்டுலதேன கெடக்கேன். மூத்தவ பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார்.

மறுநாள் முத்துமாரி வந்தாள். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. பதிவேட்டில் அவள் பெயரைக் கடைசியில் புதிதாக எழுதினேன். அதிலிருந்துதான் மாதத்தின் முதல் செவ்வாய், ஜீப் நிற்கும் இடத்தில் கூட்டம். ஒருமுறை மழை, எல்லோரும் தார்ப்பாயை இழுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னங்களைப் பற்றிப் பேசினோம்! எவ்வளவு சிரிப்பு.

முத்துமாரி இப்போது அல்லிநகரத்தில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அந்தக் கைக்குழந்தை எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு.

31.5.2008, சனி

பொறுப்பு ஒப்படைத்தேன். சாவி, இருப்புப் பதிவேடு, இரண்டு பிரம்பு நாற்காலி. சால்வை, கேசரி, மிக்சர். போதகர் நீளமாகச் செபித்தார். தாய்மார் ஒருவரும் இல்லை. சனிக்கிழமையும் தோட்டம் உண்டே.

2.6.2008, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மணிச் சத்தம் கேட்டதும் கால் தானாக எழுந்தது. மறுபடி உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பிள்ளை நோட்டீஸ் காட்டினான். பெற்றோர் கூட்டம் இனி ரோட்டில் இல்லை, பள்ளியில்தான்; நாளை மாலை மூன்று மணி.

3.6.2008, செவ்வாய்

சாரல். மேற்கே மலை தெரியவில்லை. விழிப்பு வந்தும் எழாமல் படுத்திருந்தேன்.

ஐந்து தாண்டியதும் ஜீப் சத்தம். எங்கள் தெருவிலேயே. வெளியே வந்து பார்த்தால் பள்ளி வாசலில் நிற்கிறது. பாப்பாத்தி இரும்புக் கதவைத் தட்டுகிறாள். வளாகத்து வீட்டிலிருந்து கிரேஸ் அம்மா, கலைந்த தலையோடு, பதறி ஓடி வந்தார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. எம்மவன் நோட்டீச வாசிச்சான். மூணு மணிக்கு நாங்க மலை மேல இருப்போம். நீங்க ரோட்டுக்கு வர வேணாம், நாங்களே இங்கன வந்துட்டோம். சுருக்கா பேசுங்க, டிரைவர் வைவாரு."

கிரேஸ் அம்மா உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடையோடு திரும்பி வந்தார். "மூணாம் வகுப்புப் பிள்ளைங்க அம்மா யார் யாரு? முன்னாடி வாங்க."

நான் தெருவில் இறங்கிப் பாதி தூரம் போயிருந்தேன். செல்வி பார்த்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க எதுக்கு வந்தீக? உங்களுக்குத்தேன் ரிட்டயர்டு ஆயிருச்சுல்ல. நனையாம போய்ப் படுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.