முப்பது டிகிரியை நான் எங்கிருந்து அளந்தேன்

பொன்மலை,
11-3-1979

அன்பு மகள் ரோசரிக்கு அப்பா ஞானாதிக்கம் ஆசீர்வாதத்தோடு எழுதச் சொன்னது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த நாக்பூர் வெயில் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று தினம் ஜெபமாலையில் உனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் கூட்டிச் சொல்கிறோம். வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஜெகபர் அலி எழுதுகிறார். மெதுவா சொல்லுங்கண்ணே, நான் என்ன மெயில் எஞ்சினா என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கை லூர்துவின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, யார் விரலைக் கொடுத்தாலும் கடிக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெகபர் பாதி படித்துவிட்டு நிறுத்தினார், என்னங்க என்றேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீதியையும் படித்தார். என் கணக்கால்தான் கோயில் மணி விழுந்தது, ஒரு மனிதர் காலொடிந்து கிடக்கிறார், இனிப் பிள்ளைகள் முன்னால் நின்று பௌதிகம் நடத்த எனக்கு யோக்கியதை இல்லை, மாதக் கடைசியோடு காலேஜ் வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லூர்து உனக்கு எழுதியது தெருவில் பேசிக்கொண்டதைத்தான், அவளைக் கோபிக்காதே. தெரு அப்படிப் பேசியதற்குக் காரணம் நான். நடந்தது எனக்கு ஒன்று விடாமல் நினைவிருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் கோயில் மணியின் உத்திரம் செல்லரித்துப்போய், மணியை இறக்கி, ஆறடியில் புதுத் தேக்கு உத்திரத்தில் பூட்டி, பாஸ்காவுக்குள் ஏற்ற வேண்டும் என்று பங்குச் சாமியார் என்னிடம் ஒப்படைத்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தாறு வருடம் பளு தூக்கும் கேங்கில் இருந்தவன் ஆயிற்றே. மணி தொங்கும் உத்திரத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி நடுவில் கொக்கியில் சேர்த்துத் தூக்க வேண்டும். ஆனால் கோபுரத்தில் மேலே இடம் இல்லை. கயிறு நீளமாக இருந்தால் உத்திரம் தன் இடத்துக்குப் போகும் முன்பே கொக்கி கப்பியில் முட்டிவிடும். எவ்வளவு குட்டையாகக் கட்டலாம் என்றுதான் உன்னைக் கேட்டு எழுதினேன். நீ படம் போட்டு அனுப்பினாய், கொக்கியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அந்த நூலிலிருந்து கயிறு முப்பது டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, அப்போது நான்கு குவிண்டால் மணியில் ஒவ்வொரு கயிறும் இரண்டே கால் குவிண்டாலுக்குச் சற்று மேல்தான் சுமக்கும், இடம் போதாவிட்டால் கப்பியை உயர்த்துங்கள் என்று.

ஜெகபர் அதைக் கோயில் வாசலில் வைத்து எல்லாரும் கேட்கப் படித்தார். அவர் படிக்கப் படிக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, பக்கத்தில் இருந்தவர்களிடம், என் மக காலேஜ்ல பாடம் நடத்துது, அது போட்ட கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் காதில் ஏறியது முப்பது மட்டும்தான். எங்கிருந்து முப்பது என்பது ஏறவில்லை. ஜெகபர் தொழுகைக்குப் போய்விட்டார். நான் பாகைமானியை உத்திரத்தின்மேல் படுக்க வைத்து, உத்திரத்திலிருந்து முப்பது அளந்தேன். கயிறு மூன்றரை அடிக்கும் குறைவாக வந்தது, கோபுரத்தில் இடமும் சரியாகப் பொருந்தியது. வேண்டியது கிடைத்த சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை. பொய் சொல்கிறேன், யோசித்தேன். முடிச்சுப் போடும்போதே இவ்வளவு சப்பையாக ஒருநாளும் கட்டியதில்லையே என்று கை தயங்கியது. உத்திரத்தைவிடக் கயிறு குட்டையாக இருந்தால் தூக்காதே என்பது எங்கள் கேங்கில் பாலபாடம். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையை அடக்கிக் கட்டினேன். ஆள் உயரம் ஏறியதும் இடது கயிறு அறுந்தது. உத்திரத்தின் முனை தச்சர் தைரியராஜின் பாதத்தில் இறங்கியது.

அன்று எல்லாரும் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டபோது, பாப்பா கணக்குப்படிதானே கட்டினேன் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னது. அதைத்தான் தெரு பெரிதாக்கியது. சாயங்காலமே ஜெகபர் உன் படத்தைக் காட்டி, நூல்லேருந்துன்னு ரெண்டு தரம் படிச்சேனே அண்ணே என்றார். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. கைநாட்டுக்காரன், அதான் தெரியலை என்று நாலு பேர் சொல்வார்களே என்று வெட்கப்பட்டு இருபத்துநான்கு நாள் சும்மா இருந்தேன். லூர்துவின் கடிதம் கிடைத்ததிலிருந்து நீ அங்கே தூங்காமல் கிடந்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்றே தைரியராஜ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காலுக்கு மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தவர், என் காலை விடுங்க, அது ஒட்டிக்கும், அந்தப் புள்ளை தலையில போட்டுட்டு எப்படிங்க உங்களுக்குச் சோறு இறங்குச்சு என்று கேட்டார். பிறகு அவரே, சனிக்கிழமை ஏத்துங்க, பாப்பா எழுதுன தாளுபடியே ஏத்துங்க, என்னை நாற்காலியில தூக்கிட்டுப் போங்க, நான் பார்க்கணும் என்றார்.

நேற்று ஏற்றினோம். உச்சியில் கம்பம் கட்டிக் கப்பியை மூன்றரை அடி உயர்த்தி, கொக்கியிலிருந்து நூலில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, ஜெகபர் பாகைமானியைப் பிடிக்க, அந்த நூலிலிருந்து முப்பது வைத்தோம். கயிறு எவ்வளவு வந்தது தெரியுமா அம்மாடி, சரியாக ஆறடி. உத்திரமும் ஆறடி. எங்கள் கேங்கின் பாலபாடமும் உன் கணக்கும் ஒன்றேதான். நான் அன்று கட்டிய கட்டில் ஒவ்வொரு கயிறும் மணியின் முழுப் பாரத்தையும் தனித்தனியாகச் சுமந்தது என்று ஜெகபர் உன் சூத்திரத்தை வைத்துப் போட்டுக் காட்டினார், பழைய கயிறு எப்படித் தாங்கும். நேற்று மணி ஆடாமல் அசையாமல் போய் உட்கார்ந்தது. இன்று பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு எல்லார் முன்பும், கணக்கு சரி, அளந்தவன் நான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். யாரும் கைநாட்டு என்று சொல்லவில்லை, சொன்னாலும் உண்மைதானே.

நீ வேலையை விட்டால் நான் செய்ததற்கு நீ தண்டனை அனுபவிப்பதாகும். ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு, எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைக் கவனி. மாதாவும் சூசையப்பரும் உன் கூட இருப்பார்கள், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள். மறக்காமல் உடனே பதில் போடு. அப்பாவை மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். இன்றைக்கு வகுப்பு எடுத்தேன் என்று ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

இப்படிக்கு உன் அப்பா,
ஞானாதிக்கம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)