கிளாரன்ஸ் அங்கிளின் முக்கால் நிமிடம்

அன்புள்ள கிளாரன்ஸ் அங்கிள்,

நேரில் உங்களை ‘மிஸ்டர்’ போட்டுத்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் அங்கிள் என்றுதான் வருகிறது. இங்கிலீஷில் எழுதினால், என்னை உங்களிடம் அனுப்பிய பிசியோதெரபி ஏஜென்சிக்கு ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி ஆகிவிடும். உங்கள் விஷயத்தில் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதத்தில் மரத்துப்போன உங்கள் வலது கைக்குப் பயிற்சி கொடுக்க, நான் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வாரம் இரண்டு முறை உங்கள் நியூ பிரன்ஸ்விக் வீட்டுக்கு வருவேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னால், சாக்ஸபோனை அழுத்துகிற மாதிரி மடக்குவீர்கள். அப்படித்தான் உங்கள் கதை எனக்குத் தெரிந்தது.

பத்தொன்பது வயதில் ஸ்விங் என்கிற ஜாஸ் நடன இசை வாசிக்கும் ஒரு பெரிய குழுவில் சேர்ந்தீர்கள். தென் மாநிலங்களில் நடன அரங்குகளில் வாசித்துவிட்டு, கறுப்பர்களுக்கு ஓட்டலில் இடமில்லை என்பதால் பஸ்ஸிலேயே தூங்கினீர்கள். குழுவின் நட்சத்திர சாக்ஸபோன்காரர் வேறொருவர். ஒலிப்பதிவு நாளன்று அவர் வரத் தாமதமாகவே, தனி வாசிப்பு உங்களுக்குக் கிடைத்தது. மொத்தம் முக்கால் நிமிடம். அந்த இசைத்தட்டு நன்றாக விற்றது. ஆனால் அதில் குழுத் தலைவர் பெயர் மட்டும்தான். வாசித்தது நட்சத்திரம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குழு கலைந்தது. நீங்கள் டவுன் பஸ் ஓட்டப் போனீர்கள்.

அந்தப் பாட்டுகள் இப்போது சிடியாக வந்தபோது, கூட இருந்த சிறு புத்தகத்திலும் வாசித்தவர் என்று அந்த நட்சத்திரத்தின் பெயரே இருந்தது. நீங்கள் கோபப்படவில்லை. துண்டில் சுற்றிய ஒரு தட்டை எடுத்துத் தந்தீர்கள். அந்த ஒலிப்பதிவு நாளிலேயே, அதே பாட்டுக்கு வாசித்து, வெளியிடாமல் விட்ட பதிவு. வேறு பிரதி கிடையாது, இதை யாரிடமாவது கொடுத்துக் கேசட்டில் எடுத்துத் தா என்றீர்கள். நோயாளி வீட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது ஏஜென்சி விதி. தெரிந்தேதான் வாங்கினேன். பின்சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவே அதை வைத்து, மற்றவர்கள் ஹாரன் அடிக்கிற அளவு மெதுவாக ஓட்டி வந்தேன்.

இரண்டு நாளில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து உங்கள் மகள் டெனீஸ் வந்தார். வீட்டில் ஒரு இசைத்தட்டைக் காணவில்லை என்று ஏஜென்சிக்குப் போன் செய்திருக்கிறார். சூப்பர்வைசர் என்னைக் கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சரே அவர்கள்தான், அங்கிள். அந்த ஒரு நொடியில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் முரளியிடம் சொன்னேன். “பேர் போடாம பார்சல் பண்ணிடு சுதா. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எந்த வம்பும் வேணாம்” என்றார். பார்சலில் உடைந்தால்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போன் மணி அடித்தால் எடுக்காமல் விட்டேன்.

நான்காம் நாள் தட்டோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். டெனீஸ் உங்கள் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“சின்ன வயசுல என்னை இதைத் தொடக்கூட அப்பா விட்டதில்ல. உன்கிட்ட ஏன் குடுத்தார்?”

 அதை உங்களிடம்தான் கேட்க வேண்டும், அங்கிள்.

பழைய தட்டுகள் விற்கும் ஒருவரிடம் இருவருமாக எடுத்துப் போனோம். காரில் டெனீஸ் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி வைத்ததும் இரைச்சல்தான் வந்தது.  பிறகு ஒரு ஆண்குரல், “கிளாரன்ஸ், இதை நீ வாசி” என்றது. அதற்கப்புறம் உங்கள் சாக்ஸபோன்.

“எங்கப்பா வாசிச்சு நான் கேட்டதே இல்ல” என்றார் டெனீஸ். இன்னொரு முறை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. கடைக்காரரே அதைக் கேசட்டில் எடுத்துத் தர, சிடி போட்ட கம்பெனிக்கு அனுப்பிவைத்தோம்.

நீங்களே விரும்பிக் கொடுத்ததுதான் என்று டெனீஸ் ஏஜென்சியிடம் சொல்லிவிட்டார். என் பொய்யை நானே ஒப்புக்கொண்டேன். ஃபைலில் எச்சரிக்கைக் கடிதம் ஏறியிருக்கிறது. கிரீன் கார்டு என்னாகும் என்று வக்கீலுக்கும் சொல்லத் தெரியவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

நேற்று வந்தது சிடி கம்பெனியின் பதில். நாங்கள் அனுப்பிய கேசட்டை வெளிவந்த பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டார்களாம். இரண்டிலும் வாசித்தது ஒரே ஆள்தான், அடுத்த அச்சில் பெயரை மாற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த அச்சு எப்போது என்று எழுதவில்லை. வராமலே போய்விட்டால்? இத்தனை வருஷம் நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை, அங்கிள்? யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயமா?

மாதம் ஒரு கடிதம் அவர்களுக்குப் போடுவேன். இங்கிருந்து கிளம்பச் சொல்லிவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து போடுவேன். உங்கள் பெயரை அச்சில் பார்க்கும்வரை விடமாட்டேன்.

பெற்ற மகளையே தொடவிடாத தட்டை உங்கள் கையால் வாங்கி, டெனீஸுக்குத் தங்கை முறையாகிவிட்ட,
உங்கள் மகள் சுதா