அம்மாவின் கண்ணுக்குள் வெள்ளைத் திட்டுகள்

அம்மா,

சொட்டு மருந்து விட்ட கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று பெரிதாக எழுதுகிறேன். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. சூடாக்கிக் குடி.

“மூட்டு வலிக்குக் கண்ணை எதுக்குடி படம் பிடிக்கிறாங்க? பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ நீ, எனக்கு வைத்தியம் சொல்றியா?” என்று கத்தினாய். நானா சொன்னேன்? கண் டாக்டர் கலினோவா சொன்னார். உன் விழித்திரையில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாக இருக்கலாம், மூட்டு வலியும் அதனால்தான் இருக்கலாம், ரத்தம் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார்.

ரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதித் தந்து, நீ கிழித்த சீட்டை ஒட்டிவிட்டேன். பரிசோதனைக்கு நாளைக்கே நேரம் வாங்க இப்போது பிளோவ்திவ் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். கவுண்டரில் நானே பேசுவேன். சிரிக்காதே.

ஸ்லாதினா

சாவி எடுக்கவில்லை. கோபமிருந்தாலும் கதவைத் திற.

நாளை ரத்தம் எடுக்க உனக்கு ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.