நான்காவது பத்தி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பத்திரிகையில் வரும் அறிவியல் செய்தியை வாரம் ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் படித்துக் காட்டுவேன் என்று உனக்குத் தெரியும். போன வாரம் படித்தது நீ எழுதியது: 'சர்க்கரை நோய்க்கு இனி ஊசி வேண்டாம்'. "எழுதினது என் தம்பிதான்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்தே தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவள். போட்டுக்கொண்டேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஊசியை நிறுத்திவிட்டாள். வாந்தி, மயக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவு. இப்போது கண் விழித்துவிட்டாள். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு சொல்றா, மிஸ்" என்றார், அவ்வளவுதான். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா

ஜூலை 6

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தலைப்பு நான் வைத்ததில்லை. அது டெஸ்க்கில் உட்கார்ந்து செய்திகளைத் திருத்துகிறவர்கள் வேலை. சோதனை எலிகளில்தான் நடந்தது, மனிதர்களுக்கு வர இன்னும் பல வருடம் ஆகலாம் என்று நான்காவது பத்தியில் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். நீ அதுவரை படித்தாயா?

உன் தம்பி

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

படிக்கவில்லை. மணி அடித்துவிடும் என்று இரண்டு பத்தியோடு நிறுத்திவிட்டேன். நீ கேட்டது சரிதான், ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

"இனிமே பேப்பரைத் தூக்கிட்டு கிளாசுக்குப் போகாதீங்க" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பீரியட் வாங்கினேன். அதே செய்தியைப் பிரதி எடுத்துக் கொடுத்து, "மருந்தை யாருக்குக் கொடுத்துப் பாத்தாங்க? அது எங்க எழுதியிருக்கு? கோடு போடுங்க" என்றேன்.

வாயாடி வந்திருந்தாள், பாதியாக இளைத்து. கோடு போட்டுவிட்டு எழுந்து, "நான்தான் சரியா கேட்டுத் தெரிஞ்சுக்கல, மன்னிச்சிடுங்க மிஸ்" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! "தப்பு என்னோடது. நானே முழுசா படிக்கல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

பிறகு அவளே கேட்டாள்: "தலைப்பு வச்சவங்களுக்கு நாலாவது பத்தி தெரியுமா மிஸ்?"

"என் தம்பி வைக்கலம்மா. வேற யாரோ அவசரத்துல வச்சது" என்றேன்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

தலைப்பு வைத்தது நான்தான்.

முதலில் 'எலிகளில் நம்பிக்கை தரும் சோதனை' என்றுதான் வைத்தேன். இதை எவன் படிப்பான் என்று நானே அடித்துவிட்டு மாற்றினேன். அன்றைக்கு அதிகம் பேர் படித்த செய்தி அதுதான். ஆபீசில் கை குலுக்கினார்கள், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உன் கடிதம் வந்தபோது, உன்னிடமாவது நல்லவனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றிவிட்டது.

திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் என் பேச்சை நம்பி நீ அந்தப் பிள்ளையிடம் சொன்னாயே, அதை நினைத்தால்தான் கூசிப்போகிறது.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

திருத்தத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு. பெரியவர்கள் கண்ணிலேயே படாது, என் பிள்ளைகள் கண்ணிலா படப்போகிறது?

உன்னால் அவளுக்கு இரண்டாவது முறையும் தப்பான செய்தி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை உனக்காக நான் போய்ப் பேச மாட்டேன். வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "இந்தத் தலைப்பை வச்சது நான்தான்" என்று நீயே வந்து என் பிள்ளைகளிடம் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

வாயாடி நிச்சயம் ஏன் என்று கேட்பாள். பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வராதே.

அக்கா